நடுவாசல் தந்தி

சோபா பட்டறையில் “தந்தி!” என்று யாராவது குரல் கொடுத்தால் தையல் மெஷின் நிற்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி “சொல்லுங்கண்ணே” என்பாள். சொன்னதை வாங்கிக்கொள்வாள். வாங்கியதில் பாதியைக் கீழே போட்டுவிட்டு, மீதியைத் துடைத்துப் பளபளப்பாக்கி அடுத்த அறைக்குக் கொடுப்பாள். அவளுக்குச் சம்பளம் என்னவோ தைப்பதற்குத்தான்.

பட்டறைக்கு இரண்டு அறைகள். துணியும் பஞ்சும் வாடிக்கையாளர்களும் இருக்கிற முன்னறை சின்னவருக்கு. மரமும் ரம்பமும் தூசியும் இருக்கிற பின்னறை பெரியவருக்கு. இரண்டு பேரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். அக்காளும் தங்கையும் தினமும் போனில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிப்பார்கள். கட்டிக்கொண்ட புண்ணியவான்கள் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு அறைக்கும் நடுவே கதவு இல்லாத ஒரு வாசல். இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும் என்பதால் அந்த நடுவாசலில்தான் தந்தியின் மெஷினைப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் வந்ததோ இல்லையோ, மற்றதெல்லாம் வந்தது.

ஏன் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன.

ஒரு பெரிய வீட்டுக்கு, சுவரோடு வளைந்து திரும்புகிற ராட்சத சோபா ஒன்று செய்யச் சொல்லி வந்தது. முன்னறையிலேயே வைத்துப் பெரியவர் மரச்சட்டம் அடித்தார். சின்னவர் மெத்தை வைத்து, துணி போர்த்தி, பொத்தான் எல்லாம் குத்தி ஜோராக முடித்தார். வண்டி வந்து நின்றது. தூக்கினார்கள். தெருவாசலைத் தாண்டவில்லை. சாய்த்துத் தூக்கினார்கள், தலைகீழாகப் புரட்டினார்கள், நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள். ம்ஹூம்! சின்னவர், “வாசலை நீங்க அளந்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார். பெரியவர், “நீங்க அளந்திருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சேன்” என்றார். நினைத்தார்களே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டார்களா? கிடையாது. அதோடு பேச்சு நின்றது. சட்டத்தைக் கழற்றினால் சோபா வெளியே போய்விடும்தான். ஆனால் முதலில் கழற்றுகிறவன் தலையில் தப்பு விழுந்துவிடுமே! அதனால் சோபா இருந்த இடத்திலேயே இருந்தது, மேலே பஞ்சு மூட்டைகளைச் சுமந்துகொண்டு.

அன்றைக்குத் தந்தி வேலைக்குப் புதிது. சின்னவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு அந்தாளைக் கேளு!” என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அவள் மெல்லத் திரும்பி, “அண்ணே, வாசலைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாமேன்னு அவரு வருத்தப்படறாரு” என்றாள்.

இங்கேதான் வேடிக்கை. பெரியவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். சின்னவர் கத்தியது முழுசாக அவர் காதில் விழுந்திருந்தது. இருந்தும் அவர் முகம் தணிந்தது. “வருத்தப்படறாராமா? சரி, எனக்கும் வருத்தம்தான்னு சொல்லு. மடையன்னும் சேத்துச் சொல்லு” என்றார்.

“அவருக்கும் வருத்தமாம்ணே” என்றாள் தந்தி முன்பக்கம் திரும்பி.

அன்று பிடித்த வழக்கம்தான். நேராகக் கேட்டது கேட்டதில் சேராது. தந்தி வாயால் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. “கால் எல்லாம் கோணல்மாணலா அடிச்சு வச்சிருக்காரு, தூங்கிட்டே அடிச்சாரான்னு கேளு!” என்று முன்னறை பொரியும். “இடது முன்னங்காலை ஒருதரம் பாருங்கண்ணே, உங்க கை பட்டா சரியாயிடுமாம்” என்று பின்னறைக்குப் போகும். பெரியவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, “அப்படியா சொன்னாரு?” என்று கேட்பார். அட, மனுஷா! உன் காதில் விழுந்ததே!

வாடிக்கையாளர்கள் முதல்முறை பார்த்துவிட்டு யாருக்குப் பைத்தியம் என்று யோசிப்பார்கள். இரண்டாம்முறை வரும்போது அவர்களும் தந்தியிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பூசி மெழுகுகிற வித்தையை அவள் எங்கே படித்தாள் என்றால், பெற்றவர்களிடம்தான். அவள் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் இவளைத் தூது அனுப்புவார்கள். ஆரம்பத்தில் சொன்னதைச் சொன்னபடியே கொண்டு போனாள்; அந்தப் பக்கம் ஒரு அறை, இந்தப் பக்கம் ஒரு அறை விழுந்தது. பிறகு சூடான வார்த்தைகளை வழியிலேயே உதிர்க்கப் பழகினாள். அறை நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றுபோனது. தனக்கு என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்க அவளுக்கு வராது. வார்த்தையை எடுப்பாள், மெல்லுவாள், விழுங்கிவிடுவாள்.

வாய்த்த புருஷனோ பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர், பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். வேலை முடிந்தாலும் அந்தத் தொனி அவரை விட்டு இறங்காது. தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “குடும்பத்தினரின் கனிவான கவனத்திற்கு, இங்கே தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை” என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டே செம்பைக் கொண்டுவந்து வைப்பாள்.

இவ்வளவு வருஷத்தில் தந்திக்கு ஒரே ஒரு ஆசை. முன்னறை ஜன்னலோரம் இருந்த வெட்டுமேஜை. அங்கே துணி வெட்டுகிறவரைக் கத்தரிக்காரர் என்று கூப்பிடுவார்கள். மதியம் சாப்பிட்டதும் அவர் மேஜைக்கு அடியில் படுத்துக் குறட்டை விடுவார். அந்த நேரத்தில் தந்தி எழுந்து போய் வெட்டுவாள். அகலத் துணியை உதறி விரித்து, சாக்குக்கட்டியால் கோடிழுத்து, பெரிய கத்தரியை ஓட விடும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அங்கே யாருடைய பேச்சையும் சுமக்க வேண்டாம். கழுத்தையும் இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டாம். கழுத்துவலிக்கு ஒருதரம் டாக்டரிடம் போனாள். “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். “தையல்” என்றாள். “தையல்ல கழுத்து இப்படிப் போகாதேம்மா” என்றார் அவர்.

ஒரு வாரத் தொடக்கத்தில் கத்தரிக்காரர் அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு தான் நின்றுகொள்வதாகச் சொன்னார். வெளியூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம்.

“மேஜை காலியாகுது. வாயைத் தொறந்து கேளு” என்றார். “நீ கேக்கலேன்னா சின்னவர் வெளியிலேர்ந்து ஒருத்தனைப் புடிச்சாந்துருவாரு. அப்புறம் உன் ஆயுசுக்கும் இந்த நடுவாசல்தான், பாத்துக்க.”

அன்று மாலை வீட்டில் புருஷனை எதிரே உட்கார வைத்து, சோறு போட்டுக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். “அண்ணே, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, ஒருவேளை அந்த மேஜை சும்மா இருந்தா...”

“பஸ்ஸு கிளம்பிப் போயிடும்மா இதுக்குள்ள” என்றார் அவர். “யாரு, எங்க, எப்போ. அவ்வளவுதான். நாள் பூரா சொல்றேன், எவனாவது பஸ்ஸை மாத்தி ஏறினதாக் கேள்விப்பட்டிருக்கியா?”

“போன மாசம் நீங்களே மாத்தி ஏறி எங்கியோ போய் எறங்கினீங்களே.”

“அன்னைக்கு அறிவிப்பு நான் பண்ணலை” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தந்தி சின்னவர் முன்னால் போய் நின்றாள். “அண்ணே, அந்த வெட்டுமேஜைக்கு...” என்று எடுத்தாள்.

“ஆமாமா, ஆளு போடணும்” என்றார் அவர் பஞ்சைப் பிய்த்தபடி. “அவரு என்ன நெனைக்கிறாருன்னு கேளு.”

கழுத்து தானாகத் திரும்பியது. நாக்கும் தன் வழக்கமான தடத்தில் ஓடியது. “அண்ணே, மேஜைக்கு ஒரு ஆளு இருக்காம். ரொம்பத் தெரிஞ்ச ஆளாம். உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா பாக்கலாமாம்.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப் பாவி! ‘நான்’ எங்கே போயிற்று? ஊராருடைய வசவைத் துடைத்துத் துடைத்துப் பழகிய வாய், தன் ஆசையில் தன்னையே துடைத்துப் போட்டுவிட்டது.

அது சின்னவரின் ஆள் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். “நம்பலாமான்னு கேளு” என்றார். தந்தி முன்பக்கம் திரும்பி, “ஒரு ஆளு இருக்காம்ணே, நம்பிக்கையான ஆளாம்” என்றாள். அது பெரியவரின் ஆள் என்று சின்னவர் நினைத்துக்கொண்டார். “அட, அவருக்குக்கூட உருப்படியா ஒரு ஆளைத் தெரிஞ்சிருக்கு. சனிக்கிழமை வரச் சொல்லு” என்றார். எப்போதும் போல நேரே கேட்டதை இருவரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதே ‘நான்தாண்ணே’ என்றிருந்தால் கதை முடிந்தது. சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன.

“வயசென்னவாம்?” என்றது பின்னறை.

“நடுத்தர வயசாம்ணே.”

“குடிக்கிற ஆளா?” என்றது முன்னறை.

“தொட்டுக்கூடப் பாத்ததில்லையாம்.”

“தூங்குமூஞ்சியா இருந்துடப் போவுது. மதியம் தூங்குமா?” என்று முன்னறையே மறுபடி கேட்டது.

“மதியத்துலதான் நல்லா வேலை ஓடுமாம்ணே.” இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“வாய் எப்படி? நமக்கு வாயாடி ஆகாது” என்று பெரியவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

தந்தி கொஞ்சம் யோசித்தாள். “தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசத் தெரியாதாம்ணே” என்றாள்.

“அது போதும்! அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்!” என்று இரண்டு அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. வருஷக்கணக்கில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

வரப்போகிற ஆள்மேல் சகலைகள் இருவருக்கும் அப்படியொரு பிரியம் வந்துவிட்டது. கையில் சிலாம்பு குத்திவிடக் கூடாதென்று பெரியவர் மேஜையின் ஓரத்தை இழைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். கத்தரியைச் சாணை பிடித்து வைத்தார். சின்னவர் முக்காலிக்கு மெத்தை வைத்து, நல்ல நீலத் துணியாகப் பார்த்துப் போர்த்தினார். ஜன்னல் கண்ணாடியைக்கூடத் துடைத்தார். தந்தி மெஷினில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முக்காலி ஒரு கால் ஆடும். மடித்த அட்டைத் துண்டை அணைகொடுத்துத்தான் இத்தனை காலமும் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. யாராம் அந்த மகாராசன், அவனுக்கு மட்டும் நீல மெத்தை? அந்த ஆள் தான்தான் என்று ஞாபகம் வந்ததும் அழுகை வந்தது. பாபினில் நூல் சிக்கிய மாதிரி குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கத்தரிக்காரர் புறப்படும்போது, “கேட்டியா?” என்றார்.

“கேட்டாச்சுண்ணே. நாளைக்கு ஆளு வருதாம்” என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை இரண்டு சகலைகளும் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். பெரியவர் தலைக்கு எண்ணெய் தடவி வழித்துச் சீவியிருந்தார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டீ வந்தது, வருகிறவருக்காக ஒரு டம்ளரை மூடி வைத்தார்கள். அது ஆறி ஆடை கட்டிற்று.

“அவரு ஆளு நேரத்துக்கு வர்ற ஆளு இல்லையா? கேளு அவர!” என்று சின்னவர் எரிந்து விழுந்தார்.

“என் ஆளா?” பின்னறையில் உளி விழுந்தது. “அவரு ஆளுன்னுதானே நான் மேஜையை இழைச்சுக்கிட்டுக் கெடந்தேன்?”

“என்னது, என் ஆளா?”

இரண்டு பேரும் நடுவாசலுக்கே வந்துவிட்டார்கள், அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நடுவே மெஷினும் தந்தியும். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். இனிமேல் எதைப் பூசி, எதை மெழுகுவது? தந்தி எழுந்து நின்றாள்.

“அந்த ஆளு நான்தாண்ணே” என்றாள்.

அப்பாடா, சொல்லிவிட்டாள் என்று நாம் மூச்சு விடுகிறோம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சின்னவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இதைச் சொல்லச் சொன்னது யாரு? அவரா?” என்றார்.

“ஓ, இது அவரு வேலைதானா?” என்று பெரியவர் மறுபக்கத்திலிருந்து குதித்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மெஷின்ல இருக்கற ஆளை எடுத்து மேஜைக்குப் போடுவாரா? முடியாதுன்னு சொல்லு!”

“அவரு சொன்னா நான் ஆடணுமா? நானும் முடியாதுங்கறேன், சொல்லு!”

இத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் மற்றவர் பேச்சு. அதனால் அவள் சொந்தமாகச் சொன்ன ஒன்றையும் இருவரும் எதிராளி கணக்கில் எழுதிவிட்டார்கள். பெரியவர் சொன்னதாக நினைத்துச் சின்னவர் மறுத்தார். சின்னவர் சொன்னதாக நினைத்துப் பெரியவர் மறுத்தார். மேஜை கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதும் பாருங்கள், அவள் கழுத்து பழக்கதோஷத்தில் முன்பக்கம் திரும்பியது. “அண்ணே, அவருக்கு இதுல அவ்வளவா இஷ்டம்...” என்று வாய் இதமாக ஆரம்பித்தது. தனக்கே ‘இல்லை’ என்று சொல்லும் சேதியைத் தானே துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டு போகிறாளாம்! பாதியில் அவளுக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் கோபம் வந்தது. இரண்டு பேர்மேலும் வந்தது, எல்லாரையும்விடத் தன்மேல் அதிகமாக வந்தது.

“யாரும் சொல்லச் சொல்லலை!” என்று அவள் போட்ட சத்தத்தில் சின்னவர் கையிலிருந்த ஊசி விழுந்தது. “இது என் வாய், என் பேச்சு. எனக்கு அந்த மேஜை வேணும். எனக்கு. இன்னையிலேர்ந்து. மதியத்துல வெட்டுன துணி பூரா நான் வெட்டுனது. கழுத்து ஒடிஞ்சு போச்சு எனக்கு, இனிமே இந்த வாசல்ல உக்கார மாட்டேன்!”

விறுவிறுவென்று ஜன்னலோரம் போனாள். நீலத் துணி போட்ட முக்காலியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். துணிக்கட்டை உதறி மேஜைமேல் விரித்து, சாக்குக்கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். கோடு கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

“தந்தி, இது என்ன நியாயம்னு அவர்கிட்ட...” என்று சின்னவர் ஆரம்பித்தார்.

“நான் சொல்ல மாட்டேண்ணே. ரெண்டு பேருக்கும் காது இருக்கு. இத்தனை வருஷமும் இருந்துச்சு” என்றாள் நிமிராமல்.

நடுவாசலில் ஆளில்லாத மெஷினின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றார்கள். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். சின்னவர் கூரையைப் பார்த்தார். திரும்பவும் ஒரு கனைப்பு. யாராவது வந்து ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று தெருவையும் பார்த்தார்கள். ஒருத்தரும் வரவில்லை.

“கேட்டீங்களா சகலை?” என்றார் பெரியவர் கடைசியில்.

“எனக்கென்ன காது செவிடா?”

“மதியம் வெட்டுனது இவதான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? அந்தாளு விட்ட குறட்டை எனக்குக் கேக்காதா? அப்புறம் துணி வெட்டுனது யாரு, பேயா?”

“தெரிஞ்சும் ஏன்யா மேஜையை அவளுக்குக் குடுக்கலை?”

“அவ கேக்கலையே.”

தந்தியின் கை ஒரு நிமிஷம் நின்றது. இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்குத்தானா இத்தனை வருஷம் அட்டைத் துண்டின்மேல் உட்கார்ந்து கழுத்தை ஒடித்துக்கொண்டாள்? சிரிப்பதா, கத்தரியை எடுத்து வீசுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தரியைத் துணியில் வைத்து அழுத்தினாள். அது கோட்டின்மேல் கரகரவென்று ஓடியது.

“சரி, மேஜை அவளுக்கு” என்றார் பெரியவர்.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“நீங்க முடியாதுன்னுதானே சொன்னீங்க, மடையா?”

“நீங்கதானே மொதல்ல சொன்னது, மண்டூகம்!”

துடைக்காத வசவு இரண்டு, வருஷங்களுக்குப் பிறகு நேரடியாகப் போய் விழுந்தது. தந்திக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துணியைத் திருப்பிப் போட்டாள். யாரும் யாரையும் அடித்துவிடவில்லை. இருவரும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

“அப்போ மெஷினுக்கு ஆளு?” என்றார் சின்னவர்.

“தேடணும். நல்ல பதமாப் பேசற ஆளாப் பாக்கணும்.”

“ஆமாமா, அதுதான் முக்கியம். இவளை மாதிரி நாக்கு இருக்கணும். இல்லேன்னா நீங்க பேசறதையெல்லாம் மனுஷன் கேக்க முடியுமா?”

தந்தி கத்தரியைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தாள்.

“நல்லாத் தைக்கத் தெரிஞ்ச ஆளாப் பாருங்கண்ணே” என்றாள். “அந்த மெஷின்ல நான் தைச்சதை இன்னைவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னதில்லை.”

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்தார். “நல்லாத்தாம்மா தைச்சே” என்றார்கள் இருவரும், நேராக அவளிடமே.